வாசலில் கேட்கிற கேள்வி

என் வயிற்றில் இருப்பது கட்டி என்று தெரிவதற்கு முன்னாலேயே எனக்கு வளைகாப்பு முடிந்துவிட்டது. ஏழாம் மாதம் என்று நாள் பார்த்து, புளிச்சோறு தயிர்ச்சோறு கிளறி, தெருப் பெண்கள் என் கன்னத்தில் சந்தனம் பூசி இரண்டு கையிலும் வளையல் அடுக்கினார்கள். அந்தச் சத்தம் உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். பிள்ளை இருந்தால்தானே கேட்பதற்கு.

பத்து மாதம் போயிற்று, பதினொன்றும் போயிற்று. வயிறு மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. நான் திருத்தணி ஸ்டேஷனுக்கு வெளியே இட்லிக்கடை போட்டிருக்கிறவள். கிருத்திகைக்கு மலையேற வருகிற ஜனம் ரயிலை விட்டு இறங்கினால் முதலில் என் முகத்தில்தான் விழித்தாக வேண்டும். அதனால் என் வயிறு ஊருக்கே பொதுவாகிப் போனது. ஜட்கா ஓட்டுகிறவன் ஒருவன், "கோவிந்தம்மாவுக்கு ஆனை கர்ப்பம். பொறந்ததும் கோயிலுக்கு வுட்டுடலாம், சாமிக்கு ஆனை வாங்குற செலவு மிச்சம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா.

சிரிக்காதவள் மருத்துவச்சி ஒருத்திதான். படுக்க வைத்து, கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு நெடுநேரம் அமுக்கிப் பார்த்தாள். "புள்ளைன்னா அதுக்குன்னு ஒரு தலை இருக்கணும், ஒரு குண்டி இருக்கணும். இது எந்தப் பக்கம் தடவுனாலும் ஒரே மாதிரி கீது கோவிந்து. பட்டணத்துக்குப் போ" என்றாள்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வடை மடிக்கிற பழைய காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே படிப்பு வந்தது. அதனால் எந்தக் கதையும் எனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி வடை வாங்கினவனோடு போயிருக்கும். இந்தக் கதையையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என்னைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து நிற்கிற பெண்களுக்கு உதவுமென்றால் உதவட்டும்.

வீட்டுக்காரர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர். எங்களுக்கு ஒரே பெண், குப்பு. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாவது நிற்கட்டும் என்று பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி எடுத்து அந்தப் பெயரை வைத்தோம். குப்பை என்று நினைத்து எமன் திரும்பிப் பார்க்காமல் போவானாம். ஆறு வயசு வரைக்கும் அவன் பார்க்கவில்லை. ஊருக்கு அம்மை குத்துகிறவர் வந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்தது. அடுத்த முறை குத்துகிறேன் என்று போனார். அப்புறம் வெள்ளைக்காரர்களுடைய பெரிய சண்டை வந்தது, அவர் வரவில்லை.

நான் புறப்பட்ட அன்றைக்குக் குப்பு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரயிலடி வரைக்கும் வந்தாள். "பட்டணத்துலருந்து தம்பிய இட்டுக்கினு வா. வழியில எவனாவது கேட்டா குடுத்துடாத" என்றாள். அவளை என் அக்காளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்காரரும் நானும் ஏறினோம். சண்டைக்காலத்து ரயில், பட்டாளத்துக்காரர்கள் படிக்கட்டு வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மணவூர் தாண்டின பிறகுதான் ஒரு சிப்பாய் என் வயிற்றைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தான். அவனும் பிள்ளை என்றுதான் நினைத்தான்.

பட்டணத்தில் நாங்கள் போனது கன்னிமார் ஆஸ்பத்திரி. கன்னிமார் என்றால் கலியாணம் கட்டாமல் வெள்ளை அங்கி போட்டு சாமிக்கு நேர்ந்துகொண்ட வேதக்கார அம்மாக்கள். அங்கே எல்லோருமே அம்மாதான். டாக்டராக இருக்கிற வயசான வெள்ளைக்காரி மதரம்மா, அவளுக்குக் கீழே இருக்கிறவர்கள் சிஸ்டரம்மா, கூட்டிப் பெருக்குகிறவள் ஆயாம்மா. வாசலில் ஒரு சிஸ்டர் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்பாள். "உங்கள் வீட்டில் யாருக்காவது நோய் உண்டா?" உள்ளே பச்சைப் பிள்ளைகள் கிடக்கின்றனவே, காலரா பேதி எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது என்பதற்காக. அன்றைக்கு உட்கார்ந்திருந்தவள் சிஸ்டர் கிளாரா. சின்ன வயசு. சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் கப்பலில் வந்து இறங்கினவள். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவள் ஆனதால் சாமி புத்தகம் மாதிரி பேசுவாள். "உம்முடைய பெயர் யாது?" என்றாள் என்னிடம். எங்கள் வீட்டுக்காரர் பயந்து தலைப்பாகையைக் கழற்றிவிட்டார்.

காத்திருக்கிற கூடத்தில் ஒரு நாள் பூராவும் போயிற்று. அவரவர் பயத்தை அவரவர் மடியில் வைத்துக்கொண்டு, பார்வைக்கு எல்லோரும் பொறுமைசாலிகள் மாதிரி இருந்தோம். அப்புறம் சோதனைகள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்த்தார்கள். காய்ச்சினால் முட்டை வெள்ளை மாதிரி திரிந்தால் கெட்டது, தெளிவாக இருந்தால் நல்லது. எனக்குத் தெளிவாக இருந்தது. மதரம்மா என் வயிற்றின் மேல் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டினாள், குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று நாம் தட்டிப் பார்ப்பது போல.

அவள் பல வருஷம் நம் ஜனத்தோடு இருந்தவள், பேச்சு சுத்தமாக விளங்கும். கருப்பைக்கு இரண்டு பக்கமும் முட்டைப்பை என்று ஒன்று இருக்கிறதாம், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக. அதில் ஒன்று நீர் கோத்து ஊதிக்கொண்டே போய் பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது, திறந்து எடுக்காவிட்டால் முறுக்கிக்கொள்ளும் அல்லது உடையும், இரண்டில் எது நடந்தாலும் ஆள் பிழைக்காது என்றாள். எடுத்தால் பிழைப்பேனா என்று கேட்டேன். "பிழைக்கிறவங்கதான் அதிகம்" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. வளையலைக் கழற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்து, குப்புவை நம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஊருக்கு அனுப்பினேன். வளைகாப்பு வளையல் பிரசவத்துக்கு முன்னால் கழற்றக்கூடாது. பிரசவம்தான் இல்லையே.

என்னைப் படுக்க வைத்த வார்டுக்கு லாயம் என்று பெயர். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலும் ஒரு இரும்பு வளையம் பதித்திருக்கும். நான் அதில் என் துணிப்பையை மாட்டி வைத்திருந்தேன். எதற்கு இந்த வளையம் என்று லூர்து ஆயாவைக் கேட்டேன். "குதிரை கட்டுறதுக்கு. இது முந்தி குதிரை லாயம். நீ படுத்துகினு கீற எடத்துல நல்ல ஜாதிக் குதிரை நின்னிருக்கும்" என்றாள். அவள் அம்மாவும் இங்கே ஆயாவாக இருந்தவளாம். அந்த ஆஸ்பத்திரியின் கதை எனக்கு அவள் வாயிலிருந்து கிடைத்ததுதான்.

ஆதியில் மூன்று கன்னிமார் கப்பலில் வந்தார்களாம். குதிரை வியாபாரி ஒருவர் நொடித்துப்போய் விட்ட பங்களாவை வாடகைக்குப் பிடித்து, லாயத்தைக் கழுவிச் சுண்ணாம்படித்து ஆறு கட்டில் போட்டார்களாம். ஒரு ஜனம் வரவில்லை. அங்கே போனால் தலையில் தண்ணி ஊத்தி வேதத்துல சேர்த்துடுவாங்க என்று பேச்சு. மாசக்கணக்கில் கட்டிலை விரிப்பதும் தட்டுவதுமாக இருந்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு வண்டிக்காரன், வேறு வழியில்லாமல், பிரசவ வேதனையில் துடித்த பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தும் என்ன? கன்னிமார் பிரசவம் பார்க்கக்கூடாது என்று அவர்கள் வேதத்தில் அப்போது கட்டளை. கூலிக்கு வைத்த மருத்துவச்சி உள்ளே பார்க்க, படித்த இந்த மூன்று பேரும் கதவுக்கு வெளியே வெந்நீரும் கையுமாக நின்றார்களாம். அந்தப் பெண் செத்துப்போனாள். பெரிய கன்னி அன்றைக்கே கடல் தாண்டி அவர்கள் பெரிய குருவுக்கு எழுதிக் கேட்டாளாம், நாங்கள் உள்ளே போகலாமா என்று. போகலாம் என்று உத்தரவு வந்தபோது அவள் உயிரோடு இல்லை. "கேட்டவ ஒருத்தி, பதில் வாங்குனவ ஒருத்தி" என்றாள் ஆயா. அந்த மூன்று பேரில் ஒருத்தி முதல் வருஷமே காலராவில் போய், வேப்பமரத்தடியில் புதைத்திருக்கிறார்கள். நம் மண்ணிலேயே படுத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் ஜனத்துக்கு நம்பிக்கை வந்ததாம். நம்மவர்கள் அப்படித்தான். உயிரோடு இருக்கிறவளைச் சந்தேகப்படுவார்கள், செத்துவிட்டால் கும்பிடுவார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ருக்கு. அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். கலியாணமாகி வெகுகாலம் கழித்து, எங்கள் மலைக்குக் காவடி நேர்ந்துகொண்டு பெற்ற ஆண்பிள்ளை அவள் பக்கத்தில் கிடந்தது. நம் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் எனக்குத் தாய்வீடு கிடைத்த மாதிரி ஆயிற்று. "உன் பூசணிக்காய எடுத்ததும் எனக்கு ஒரு பத்தை குடு, கூட்டு வைக்கலாம்" என்பாள். "உன் புள்ளயக் குடு, எங்க குப்பு ஒரு தம்பிக்குச் சொல்லி அனுப்பிச்சிகீறா" என்பேன் நான். சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற கேலிக்கு ஒரு தனி ருசி உண்டு.

திங்கட்கிழமை என்னைக் கொண்டுபோனார்கள். முந்தின நாளே சோப்புத்தண்ணீர் ஏற்றிக் குடலைக் காலி செய்தாயிற்று. மூக்கின் மேல் வலை மாதிரி ஒன்றை வைத்து ஈதர் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அழுகின பழமும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. எண்ணச் சொன்னார்கள். நான் இட்லி எண்ணுகிற மாதிரி எண்ணினேன். எத்தனையில் விட்டேன் என்று தெரியாது. கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. வாந்தி, தாகம். உதட்டில் ஈரத்துணி மட்டும் வைப்பார்கள், குடிக்கக் கொடுக்கமாட்டார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தையல் போட்ட வயிற்றோடு ஒரு இருமல் வந்தால் தெரியும் அதற்கு மேலே என்ன என்று.

இனிச் சொல்வது செவ்வாய்க்கிழமை நடந்தது. வலிக்கு ஊசி போட்டிருந்ததால் நான் பாதி மயக்கத்தில் இருந்தேன். பிற்பாடு எல்லார் வாயிலிருந்தும் கேட்டுச் சேர்த்ததைத்தான் சொல்கிறேன்.

ஊரிலிருந்து பாவா வந்திருக்கிறார். பாவா என்றால் என் அக்காள் புருஷன். எங்கள் பக்கம் பாதி வீட்டில் தெலுங்கு, அதனால் முறையெல்லாம் இப்படித்தான். நல்ல மனுஷன், நின்ற இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைப்பார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வாசலில் சிஸ்டர் கிளாரா வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறாள், வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்று. பாவா கைகூப்பி, "நோய் நொடி ஒண்ணும் இல்லீங்க தாயி. கோவிந்து வூட்டுக்கு அம்மா வந்துகீறா. வேற ஒண்ணும் இல்ல" என்றிருக்கிறார். அவள் சந்தோஷப்பட்டு உள்ளே விட்டுவிட்டாள். அவர் என் கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தார், நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ருக்குவின் பிள்ளையைப் பார்த்து, நம்ம பக்கத்துச் சிங்கக்குட்டியா என்று தூக்கிக் கொஞ்சி, தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். போகிறபோது சிஸ்டரிடம், விழித்ததும் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு சாயங்கால ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

எனக்குத் தெளிந்தபோது சிஸ்டர் கிளாரா முகமெல்லாம் மலர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நல்ல செய்தி. உம்முடைய தாயார் உம்முடைய வீட்டிற்கு வந்திருக்கிறார்கள். தாயே வந்திருக்கும்போது பிள்ளைக்கு என்ன குறை? சமாதானமாயிரும்" என்றாள்.

என் அம்மா நான் பாவாடை கட்டுகிற வயசிலேயே செத்துப்போனாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சொன்னவர் என்ன வார்த்தை சொன்னார், அதை அப்படியே சொல்லு என்றேன். அவள் நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள். பாவாவின் இழுப்போடு, பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "வூட்டுக்கு அம்மா வந்துகீறா."

"யார் மேல?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. தாயார் யார்மேல் வருவாள்?

எங்கள் ஊரில் பெரியம்மை போட்டால் அது நோய் இல்லை. மாரியாத்தாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு நிறுத்தி, குரல் தாழ்த்தி, வந்தவளை மரியாதையாக வைத்திருந்து அனுப்ப வேண்டும். அழக்கூடாது, டாக்டரைக் கூப்பிடக்கூடாது, அதன் பெயரைச் சொல்லவே கூடாது. நோய் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். கோபம் பிள்ளையின் மேல் இறங்கும். பாவா பொய் சொல்லவில்லை. நோய் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார். தெய்வத்தை நோய் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை, ஆகவே யார் மேல் என்று அவர் சொல்லவும் இல்லை.

நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் பிள்ளை அங்கே அவள் கையில் கிடக்கிறது. அதுவும் செவ்வாய்க்கிழமை, அவளுடைய நாள். இங்கே நான் பெயரைச் சொன்னால் அங்கே அவள் காதில் விழும். இப்படித்தான் எனக்கு ஓடிற்று, இல்லை என்று எழுதினால் பொய். தலையைத் திருப்பினேன். ருக்கு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாவா தட்டிக்கொடுத்த முதுகு.

"சிஸ்டரம்மா, அது எங்கம்மா இல்ல. வைசூரி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை முன்ஷி புத்தகத்தில் இருந்திருக்கிறது. அவள் மதரம்மாவைக் கூப்பிட எழுந்து ஓடினாள்.

மதரம்மா வந்தாள். பாவா யார் யாரைத் தொட்டார், எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டுக்கொண்டாள். ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வராது, ஆனால் துணியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்றாள். லாயத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருக்கிறவர்கள் வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, மூன்று வாரத்துக்குக் கிட்ட. எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். பசுவுக்கு வருகிற அம்மையிலிருந்து எடுத்த பாலைத் தோளில் தடவி, பல்லு வைத்த வட்ட இரும்பு ஒன்றை அதன்மேல் அழுத்தித் திருகுவார்கள். பசுவின் அம்மை சாது, அது உள்ளே குடியிருந்தால் மற்றது வந்து கதவைத் தட்டினாலும் இடம் கொடுக்காது என்று மதரம்மா விளக்கினாள். ருக்குவின் பிள்ளைக்குத் தொடையில் குத்தினார்கள். அது கத்தின கத்தலில் ருக்கு என் பக்கம் திரும்பி, "உங்க வூட்டுக்கு வந்தவள என் புள்ள மேலயும் ஏத்தி வுடணுமா? என் புள்ளயத் தொட அவன் யாரு?" என்றாள். அதற்கப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை.

சிஸ்டர் கிளாரா வெளியே போயிருக்கலாம். போகவில்லை, எங்களோடு உள்ளேயே அடைபட்டுக்கொண்டாள். விடிந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாள், என் கட்டு மாற்றுவாள், மூலையில் முழங்காலிட்டு அழுவாள். ஜன்னலுக்கு வெளியே நின்று மதரம்மா அவளிடம் தமிழிலேயே சொன்னாள், நாங்களும் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ. "அவர் சொன்ன பதில் சரி. நாம கேட்ட கேள்விதான் தப்பு."

அப்புறம் என்னைப் பார்த்து, எப்படிக் கேட்டிருக்க வேண்டும், நீ சொல்லிக்கொடு என்றாள். படுத்தபடியே நான் வாத்தியாரானேன். "உங்க வூட்டுக்கு அம்மா வந்துகீறாளா?" அவ்வளவுதான். சிஸ்டர் கிளாரா, "வீட்டிற்குத் தாயார்" என்று ஆரம்பிப்பாள். வார்டு மொத்தமும் இல்லை இல்லை என்று கத்தும். வூட்டுக்கு என்பது அவள் நாக்கில் ஏறவே இல்லை. ஒரு கிழவி, "வாயில வெத்தல பாக்கு கீறாப்புல நெனச்சுக்கினு சொல்லும்மா" என்று யோசனை சொன்னாள். மூடின கதவுக்குள்ளே அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரிப்புச் சத்தம். ருக்குகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மற்ற வார்த்தைகளையும் சொல்லிக்கொடுத்தோம். கொப்புளத்துக்கு முத்து என்று சொல்ல வேண்டும். அது வாடினால், அம்மா இறங்கிட்டா. பிள்ளை தேறினதும் வேப்பிலை மஞ்சள் போட்டுக் குளிப்பாட்டுவது, தலைக்குத் தண்ணி ஊத்துறது. தண்ணி ஊத்தியாச்சு என்று கேட்டால் அந்த வீட்டுக்கு நல்லது நடந்துவிட்டது என்று அர்த்தம். அவள் அதையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கொதிக்க வைப்பாள்.

ஊரிலிருந்து யாரும் வரவில்லை. அம்மா இருக்கிற வீட்டை விட்டு யாரும் கிளம்பக்கூடாது. வரவில்லை என்றால் அவள் இன்னும் இருக்கிறாள் என்று அர்த்தம், அவள் இருந்தால் குப்புவும் இருக்கிறாள் என்று அர்த்தம். அதனால் யாரும் வராத ஒவ்வொரு நாளும் எனக்கு நல்ல நாளாக இருந்தது. தையல் பிரித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், வேப்பமரத்துக்குக் கீழே வீட்டுக்காரர் நிற்கிறார். தலையில் மூட்டை இருக்கிற மாதிரியே கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றார். தலையில் ஒன்றும் இல்லை.

எனக்கு முன்னால் சிஸ்டர் கிளாரா ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல், நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

அவர் அவளைப் பார்த்தார். வெள்ளைக்காரி வாயில் அந்த வார்த்தை வந்தது அவருக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை.

"தண்ணி ஊத்துற வரைக்கும் இருக்கலீங்க" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

நந்தி ஆற்றுப் பக்கம் புதைத்தார்களாம், அம்மையில் போனவர்களை எரிப்பதில்லை. கீழேயும் மேலேயும் வேப்பிலை போட்டார்களாம். தம்பி எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம், முத்து போட்டுக் கண் மூடிப்போன பிறகும். அவர் வெளியே நின்று சொல்ல நான் உள்ளே நின்று கேட்டேன். நடுவில் கம்பி. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம், தொடக்கூடாது என்று உத்தரவு. என்றைக்கு என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். எந்த வெள்ளி என்று கேட்டேன். நான் பெயரைச் சொன்ன செவ்வாய்க்குப் பின்னால் வந்த வெள்ளி. "ஏன் கேக்குற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது ருக்கு கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள், என் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. அது உள்ளே இருந்துகொண்டு சத்தம் போட்டது. அவள் அதன் வாயில் பாலைத் திணித்தாள். சாயங்காலம் அவளாகவே வந்து என் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.

பிள்ளைக்கு அம்மை குத்தின இடத்தில் ஒரு கொப்புளமும் இரண்டு நாள் காய்ச்சலும், அதோடு சரி. லாயத்தில் வேறு யாருக்கும் வரவில்லை. கதவைத் திறந்தார்கள். போகிற அன்றைக்கு, உன்னால் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மதரம்மா சொன்னாள். அது உண்மையாக இருக்கலாம். எங்கள் தெருவில் வேறு மாதிரி சொன்னார்கள். தெய்வத்தின் பேரைச் சொல்லிவிட்டாளாம், அதான் மூன்றாம் நாள் ஆத்தாள் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டாள் என்று. ஊருக்குத் திரும்பி நான் சொன்னதைப் பாவாதான் போய் உளறியிருக்கிறார். அதற்கப்புறம் அவர் யாரையும் சிரிக்க வைப்பதில்லை. இரண்டு பேச்சையும் இன்றைக்கு வரைக்கும் நான் மறுத்ததில்லை. இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிறபோது ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது என்று ஓடும். மருத்துவச்சியிடம் ஒருமுறை கேட்டேன். "பேரு சொல்லாத வூட்லயும் புள்ள சாவுது, கோவிந்து" என்றாள். அவள் சொன்னதை வைத்துக்கொண்டு ராத்திரியைத் தள்ளுகிறேன்.

சண்டை முடிந்த பிறகு அக்காள் மகளைப் பிரசவத்துக்கு அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள் வயிற்றில் தலை இருக்கிற பிள்ளைதான், மருத்துவச்சி தடவிப் பார்த்துச் சொல்லியிருந்தாள். வாசலில் புதுசாக ஒரு சிஸ்டர், இன்னும் சின்னவள். சிஸ்டர் கிளாராவை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். இந்தப் பெண் எங்களை நிறுத்தி, நாக்கை மடக்கி, வாயில் வெற்றிலை பாக்கு இருக்கிற மாதிரி கேட்டாள்.

"உங்க வூட்டுக்கு அம்மா வந்துகீறாளா?"

அக்காள் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் ஜனம் நின்றது. பதில் சொன்னால்தான் விடுவார்கள்.

"வந்தா" என்றேன். "போவும்போது எங்க குப்புவ இட்டுக்கினு போயிட்டா."

அந்தச் சின்னப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது, அவளுக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்துக் கேட்க வேண்டியதை மெதுவாகக் கேட்டாள். எவ்வளவு நாள் ஆயிற்று?

"நாளாச்சுங்க. பயமில்ல. உள்ள வுடலாம்" என்றேன்.